மொட்டைக்கு முன்னால் ஒரு கேள்வி

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. சித்தூரில் விடியும்போது தூறல் இருந்தது. பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நின்றுவிட்டது. பால் காய்ச்சினேன். தண்ணீர்க் கேனை மாற்றினேன். வாரத்துக்கான புடவைகளை இஸ்திரி போட்டு, திங்கள் மேலே சனி கீழே என்று அலமாரியில் அடுக்கினேன். மாடியில் இருக்கும் செடிகளுக்கு மழையே ஊற்றியிருந்ததால் அந்த வேலை மிச்சம். அம்மாவுக்குக் கேழ்வரகு அடை இரண்டு தட்டி, முருங்கைக்கீரையைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு, வாழையிலையில் சுற்றி டப்பாவில் வைத்தேன். பிறகு திருப்பதி பஸ்.

அம்மா திருப்பதியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். கோடையில் பிச்சாட்டூர் வீட்டில் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. திருப்பதியில்தான் ஆபரேஷன். நடக்கப் பழக்கும் பயிற்சி பல மாதம் வேண்டும் என்றார் டாக்டர். தம்பி வரதய்யபாளையத்தில் இருக்கிறான். ஸ்ரீசிட்டியில் ஷிப்ட் வேலை. நான் சித்தூரில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். எங்கள் இருவர் வீட்டையும் யோசித்துப் பார்த்து இல்லத்தைத் தேர்ந்தெடுத்தவள் அம்மாதான்.

"உன் வூட்டு மாடிப்படி என்னால ஏற முடியாது. ஏறிட்டாலும் நாளெல்லாம் உன் மூஞ்சியையே பாத்துக்கினு இருக்க முடியாது. அங்கன்னா நாலு பேரு இருப்பாங்க" என்றாள்.

எனக்குப் பங்காருபாளையம் பக்கத்தில் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலை. தரச் சோதனைப் பிரிவு. நாங்கள் எந்த டின்னை எடுத்துத் திறப்போம் என்பது லைனில் நிற்பவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்த டின் மட்டும் நன்றாக இருக்கும். அம்மாவை இல்லத்தில் சேர்த்தபோது இதே விதியை அங்கேயும் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். ஒரு ஞாயிறு காலையில் போவேன், ஒரு ஞாயிறு சாப்பாட்டு நேரத்தில் போவேன், ஒரு ஞாயிறு விளக்கு வைக்கும் நேரத்தில். போனதும் குதிகாலைப் பார்ப்பேன், சிவந்திருக்கிறதா என்று. முதுகைப் பார்ப்பேன். தண்ணீர் டம்ளர் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். மணியை ஒரு முறை அழுத்தி யாராவது வருகிறார்களா என்று காத்திருப்பேன். எல்லாவற்றையும் முறைப்படி செய்பவளுக்கு முறையில்லாமல் வருவது பெரிய கஷ்டம். அதனால் அதற்கும் ஒரு முறை வகுத்து வைத்திருந்தேன்.

"காலை, மதியம், சாயங்காலம். அப்புறம் திரும்பவும் காலை. நீ வர்ற வரிசை இங்க எல்லாருக்கும் தெரியும் பாப்பா" என்று அம்மா ஒரு நாள் போட்டு உடைத்தாள். ஐம்பத்து மூன்று வயதிலும் நான் அவளுக்குப் பாப்பாதான். "இன்னிக்கு மதியம் சாம்பார்ல காய் நெறைய இருந்தா, நீ வர்றேன்னு அர்த்தம்."

இந்த ஞாயிறு வரிசையை மாற்றிக்கொண்டு காலையிலேயே போனேன்.

பெண்கள் கூடம் மேல் தளத்தில். எட்டுக் கட்டில்கள். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டவை மொட்டைத் தலைகள். போன வாரம் ஒன்றும் இல்லை. இந்த வாரம் நான்கு. நான்கிலும் சந்தனம் பூசியிருந்தது. அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் இருப்பவர் ரேணிகுண்டாவில் டிபன் கடை நடத்திய தெலுங்கு அம்மா. அம்மா அவரை 'வதினா' என்று கூப்பிடுவாள், அண்ணி என்று பொருள். அவர் தலையும் சந்தனத்தில் பளபளத்தது.

திருப்பதியில் மொட்டைத் தலையைப் பார்த்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கை தானாகவே குவியும். என் கையும் குவிந்தது.

"கோவிந்தா! மலைக்குப் போயிட்டு வந்தீங்களா? தரிசனம் நல்லா ஆச்சா? சொல்லவேயில்லையே" என்றேன்.

வதினா ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, கனைத்தாள். பிறகு அடக்க முடியாமல் இருமல் வரும் வரை சிரித்தாள்.

"மலையாமே! தோ, அந்த பாத்ரூமுக்குப் போவவே ரெண்டு பேரு புடிக்கணும். இவங்க மலை ஏறிட்டு வந்துட்டாங்களாம். ஏ வதினா, லட்டு எங்க? என் பொண்ணுக்கு ஒண்ணு குடு."

"அப்போ மொட்டை?"

"முடி வெட்ட வர்றவரு திங்கக்கெழம வந்தாரு. பேனு வருது, தல வார ஆளு இல்ல, எல்லாருக்கும் எடுத்துடுன்னு மேடம் சொல்லிட்டாங்க. நாலு பேருக்கு எடுத்தாரு. மழ வந்துச்சு, கரண்டு போச்சு, மெஷினு நின்னுடுச்சு. மிச்சம் நாளைக்கு." அம்மா தன் பின்னலைத் தொட்டுக் காட்டினாள். "மொதல்ல நானு."

நான் வதினா பக்கம் திரும்பினேன். "உங்களைக் கேட்டாங்களா?"

"எவரூ அடகலேதம்மா" என்றார். யாரும் கேட்கவில்லை. "ஏதோ ரூலுன்னு அனுகுன்னா. ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்கு முன்னாடி நகையெல்லாம் கழட்டச் சொல்வாங்கல்ல, அது மாதிரின்னு நெனச்சேன்."

"சந்தனம்?"

"அவரு முன்னாடி மலைக்கு வர்றவங்களுக்கு மொட்ட அடிச்சுக்கினு இருந்தவரு. மொட்ட அடிச்சா சந்தனம் பூசிடுவாரு. கைப் பழக்கம்" என்று அம்மா விளக்கினாள்.

மீதியை வதினாவே சொன்னார். புதன்கிழமை பெங்களூரிலிருந்து மகன் வீடியோவில் கூப்பிட்டிருக்கிறான். அம்மாவின் தலையைப் பார்த்ததும் அவன் செருப்பைக் கழற்றினான். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். குடும்பம் மொத்தமும் போன் முன்னால் கைகூப்பி நின்று கோவிந்தா போட்டது. இந்த வயதில் அம்மாவுக்கு இவ்வளவு பெரிய பாக்கியமா என்று மகன் கண் கலங்கினான். இல்லத்துக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று மேடத்துக்கு நன்றி சொல்லிச் செய்தியும் அனுப்பிவிட்டான்.

"அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. இல்லடா, இங்க பேனுன்னு எடுத்துட்டாங்கன்னு எப்டி சொல்றது? கைய தூக்கி ஆசீர்வாதம் பண்ணிட்டேன்" என்றார் வதினா. சிரித்தார்தான். ஆனால் சொல்லும்போது கை தலைக்குப் போய், அங்கே ஒன்றும் கிடைக்காமல், மடியில் வந்து விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் அது முதலில் வாக்கியமாக வரும். புகார் எப்படித் தொடங்க வேண்டும், யாருக்கெல்லாம் நகல் அனுப்ப வேண்டும் என்று மனத்துக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே அதைப் படித்துவிட்டாள்.

"எழுதாத. நீ எழுதிட்டு பஸ் ஏறிடுவ. பெட்பேன் வைக்க அவங்கதான் வரணும். கூப்ட்டா கொஞ்சம் லேட்டா வந்தா போதும், நான் நனைஞ்சுக்கினு கெடப்பேன். இங்க யாரும் வாயத் தொறக்காம இருக்கறது அதுக்குத்தான்."

குதிகால், டம்ளர், மணி எல்லாம் சரிபார்க்கிறேன். இதைச் சரிபார்க்க என்னிடம் முறை எதுவும் இல்லை.

"உனக்கு முடி போறது அவ்வளவு கஷ்டமாம்மா?" என்று கேட்டேன். இப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"முடி இன்னா முடி. ரெண்டு தடவ மலையில குடுத்தவ நானு. உன் தம்பி கொழந்தயா இருந்தப்போ ஜொரம் வந்து கண்ணு சொருவிச்சே, அப்போ ஒருக்கா. போர்ல தண்ணி வந்தப்போ ஒருக்கா. நானா நடந்து போய், நானா உக்காந்து, நானா தல குனிஞ்சேன். சாமியே நான் குடுக்கற வரைக்கும் காத்துக்கினு இருந்தாரு. இவங்களுக்கு இன்னா அவசரம்?"

பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெள்ளை மூன்று பங்கு, கறுப்பு ஒரு பங்கு. நுனி எலி வால் மாதிரி இருந்தது. நாளைக்குக் காலை அது இருக்குமா இருக்காதா என்பதுதான் கேள்வி.

அந்த நேரத்தில் மேடம் வந்தார். மேடம் என்றால் இல்லத்தின் பொறுப்பாளர். முன்பு நர்சாக இருந்தவர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கெட்டவர் இல்லை. அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் போன், தோளில் யாருடைய துண்டாவது. என்னைக் காலையிலேயே பார்த்ததும் புருவம் தூக்கினார்.

"ஏம்மா, இந்த வாரம் சாயங்காலம் டர்ன் தானே?" என்றார்.

நான் நாகரிகமாக ஆரம்பித்தேன். கூந்தல் விஷயத்தில் குடியிருப்பவர்களின் சம்மதம் பற்றி ஏதோ சொன்னேன். அவரும் நாகரிகமாகவே பதில் சொன்னார். காலையில் தளத்துக்கு ஒரே ஒரு ஆயாம்மாதான். அவர் குளிப்பாட்டுவாரா, ஊட்டுவாரா, பேன் பார்ப்பாரா? இது சுத்தத்துக்காக. எந்த வீட்டுக்காரரும் குறை சொல்லவில்லை.

"ஒருத்தர் ஸ்வீட் பாக்ஸ் அனுப்பிச்சாரு தெரியுமா? நான் மலைக்குக் கூட்டிப் போனேன்னு யாருக்கும் செப்பலே. அவங்களே பாத்தாங்க, அவங்களே தண்டம் பெட்டி கும்பிட்டாங்க. நான் இன்னா செய்றது? எங்க அம்மா வருஷா வருஷம் முடி குடுப்பாங்க. தலபாரம் போச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. இவங்களுக்கும் ஹாயா இருக்கும்னு நெனச்சேன்."

நான் அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா குறுக்கே வந்தாள்.

"மேடம், அவ கெடக்கறா. இங்க வாம்மா. கொஞ்சம் குனி. உன் தலைல என்னமோ இருக்குது."

மேடம் தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுக் குனிந்தார். அவர் முடியைச் சுருட்டி மேலே தூக்கி ஒரு பெரிய கிளிப்பில் அடக்கியிருந்தார். அம்மா நிதானமாகக் கையை நீட்டி, அந்தக் கிளிப்பைப் பிடித்துக் கழற்றிவிட்டாள்.

முடி பொலபொலவென்று முகத்தில் விழுந்தது. மேடத்தின் இரண்டு கையும் சட்டென்று தலைக்குப் போயின. "ஐயோ! ஏமம்மா இது! கேட்டுட்டு எடுக்கக் கூடாதா?"

"அதத்தானே என் பொண்ணு இவ்வளவு நேரமா இங்கிலீஷ் மாதிரி தமிழ்ல சொல்லிக்கினு இருக்கறா" என்றாள் அம்மா.

நான் பஸ் ஏறிப் போய்விடுவேன், அம்மா இங்கே இருக்கப் போகிறவள். மேடம் முடிக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். பிறகு மேடம் வதினாவின் தலையைப் பார்த்தார். அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தவர் வதினாதான். "மேடம், நீங்களும் மலைக்குப் போலாமா?" என்றார். கடைசிக் கட்டிலில் எப்போதும் தூங்குபவர்போல் கிடக்கும் பாட்டி கண்ணைத் திறக்காமலே "கோவிந்தா" என்றார். அதற்குப் பிறகு மேடத்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"தப்புதான்" என்றார், முடியை ஒதுக்கிக்கொண்டே. "அடகலே. கேக்கல. வேல முடியணும்னு பாத்தேன். ஆனா நாளைக்கு நான் இன்னா செய்யட்டும்? நீங்களே செப்பண்டி."

"மொதல்ல கேளு" என்றாள் அம்மா.

அப்படியே மேடம் எழுந்து, கிளிப் போடாமலே, ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கேட்டார். நானும் பின்னால் போனேன். எல்லாரும் வேண்டாம் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. ஜன்னலோரத்து அம்மா, எனக்குத் தாராளமாக எடுக்கலாம், கழுத்தில் வேர்க்கிறது, இதுவரை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன் என்றார். இன்னொருவர் டி.வி.யில் செய்தி வாசிக்கும் பெண்ணைக் காட்டி, அந்த மாதிரி கழுத்தளவுக்கு வெட்டினால் சரி, மொட்டை என்றால் எழுந்து ஓடிவிடுவேன் என்றார். அவரால் எழுந்து நிற்கவே முடியாது. கடைசிக் கட்டில் பாட்டி, யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிப் படுத்தார். நாளைக்கு ஆள் வருகிறாரே என்று மேடம் சொன்னதற்கு, வரட்டும், வந்து கேட்கட்டும் என்றார்.

ஆயாம்மாவுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றார். "கேக்கறது ஈசி. அப்புறம் தல வார்றது யாரு? எனக்கு இன்னா பத்து கையா இருக்குது?"

அவர் கேட்டது நியாயம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாருகிறேன் என்றேன். அம்மா என்னைச் சட்டையே செய்யவில்லை.

"ஞாயித்துக்கெழம வார்னா வெள்ளிக்கெழம பேனு வந்துடும். உக்கார முடிஞ்சவங்க எத்தினி பேரு? நானு, வதினா, டி.வி.காரம்மா. எங்களுக்கு கை நல்லாத்தானே இருக்குது? சேர்ல உக்கார வெச்சு கட்டிலுக்குக் கட்டில் தள்ளி வுடு. மதியம் சாப்ட்டு சும்மாதான் கெடக்கறோம்."

"மொட்டைத் தலக்காரங்களுக்கு இன்னா வேல?" என்று வதினா கேட்டார்.

"உனக்கு பேனு பாக்கற வேல. உன் தலைக்கு ஏறாது பாரு, பயமில்லாம பாக்கலாம்."

சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தேன். பேன் சீப்பு ஒன்று வாங்கி வந்தது மட்டும்தான் என் பங்கு. ஆயாம்மா வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவைக் கடைசிக் கட்டிலருகே நிறுத்தினார். அம்மா அந்தப் பாட்டியின் முடியை எண்ணெய் தொட்டு வாரினாள். பாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் ஓயவில்லை. இழுக்காதே, வலிக்கிறது, நடுவகிடு வேண்டாம், இடது பக்கம் எடு. அம்மா பின்னி முடித்தது கோணலாக ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நல்லா இல்ல. நாளைக்கி வேற ஆளு அனுப்பு" என்று பாட்டி ஆயாம்மாவிடம் சொன்னார். ஆயாம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய பத்துக் கைகளில் இரண்டு அன்று மதியம் சும்மா இருந்தன.

வதினா மகனைக் கூப்பிட வேண்டும் என்றார். போனை நான்தான் பிடித்துக்கொண்டேன். நடந்ததை அவர் தெலுங்கில் சுற்றி வளைக்காமல் சொன்னார். மகன் முகம் மாறியது. மேடத்திடம் பேச வேண்டும் என்றான். பேசினான், அவ்வளவு இனிமையாக இல்லை. மேடம் ஒதுங்காமல் நின்று கேட்டுக்கொண்டார். கடைசியில் வதினா போனைத் திரும்ப வாங்கி, "சரே, முடி வளரட்டும். நான் நடக்க ஆரம்பிச்சப்புறம் நீயே கூட்டிட்டுப் போ. அப்போ நிஜமா குடுக்கறேன்" என்று மகனை வழிக்குக் கொண்டுவந்தார்.

சாயங்காலம் கிளம்பும் நேரம். இரவு இங்கேயே தங்குகிறேன், காலையில் முடி வெட்டுபவர் வரும்போது பக்கத்தில் இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"வேணாம். நீ இருந்தா உன் மூஞ்சிக்காக கேப்பாங்க. நீ இல்லாதப்போ கேக்கறாங்களான்னு எனக்குத் தெரியணும்."

மாம்பழக் கூழில் இத்தனை வருஷம் இருக்கும் எனக்கு இதற்கு மறுப்பு இல்லை. சரி என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் பஸ் நிலையம் போகவில்லை. கல்லூரித் தோழி ஒருத்தி பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போய், திங்கட்கிழமைக்கு விடுப்பு என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். இதுவரை நான் இல்லத்துக்குத் திங்கட்கிழமை போனதேயில்லை.

நவம்பர் 11. காலையில் தோழி வீட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் இல்லத்துக்குப் போனேன். மேல் தளத்து வராந்தாவில் துவைத்த போர்வைகள் தொங்கின. அவற்றுக்குப் பின்னால் நின்றால் கூடம் தெரியும், கூடத்துக்கு நான் தெரியமாட்டேன். முடி வெட்டுபவர் பெட்டியோடு உள்ளே போனார். மேடம் அங்கே இல்லை. ஆயாம்மா மூலையில் யாருக்கோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

முடி வெட்டுபவர் அம்மாவின் கட்டிலருகே நின்றார். பெட்டியைத் திறக்கவில்லை.

"அம்மா, எடுக்கட்டுமா, வேணாமா?"

"இன்னா கேட்ட? சரியா காதுல வுழல."

அம்மாவின் காது பாம்புக் காது.

"முடி எடுக்கட்டுமான்னு கேட்டேம்மா. நீங்க சரின்னா எடுக்கறேன்."

அம்மா பின்னலை எடுத்துப் பார்த்தாள். அடுத்த கட்டிலைப் பார்த்தாள். அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்" என்றாள்.

"சரிம்மா" என்று பெட்டியைத் தூக்கினார்.

"இரு இரு. வந்தது வந்துட்ட. என்னால குனிய முடியல. இந்தக் கால் நகத்தக் கொஞ்சம் வெட்டி வுட்டுப் போ."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். தரையில் குந்தி உட்கார்ந்து, அம்மாவின் காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தார்.